மரக்கால் மேல் வைத்த கை

"இனிமேல் மாசம் ஆறு மரக்கால் நெல்லுதான்" என்று வணிகர் சேந்தனார் சொன்னதும், செவிலி வேம்பி இடுப்பில் இருந்த அவர் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாள். அவள் பிள்ளையை இறக்கிவிட்டால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

இது ராஜாக்கள் இருந்த காலத்துக் கதை. எந்த ராஜா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கதையில் அவருக்கு வேலையும் இல்லை.

கடலோரத்தில் ஒரு பட்டினம். அங்கே மிளகு விற்றுப் பெரிய ஆள் ஆனவர் சேந்தனார். ஆறு வருஷமாக அவர் பிள்ளைகளை வளர்த்தவள் வேம்பி. மூத்தது அவள் விரலைப் பிடித்து நடந்தது. நடுவிலது அவள் விரலைப் பிடித்து நடந்தது. இப்போது கடைக்குட்டியும் அதே விரலைப் பிடித்துத்தான் நடந்தது. அந்த வீட்டிலேயே சாப்பிட்டு, அந்த வீட்டிலேயே படுத்து, மாதம் பன்னிரண்டு மரக்கால் நெல் வாங்கினாள்.

நெல் மொத்தமும் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடும். வேம்பியின் மகள் அல்லி அங்கேதான் வளர்ந்தாள். ஏழு வயது. சித்தியை அம்மா என்று கூப்பிட்டாள். பெற்றவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். ஊரான் பிள்ளைக்கு நடை பழக்கிய வேம்பி, தன் பிள்ளை நடந்ததைப் பார்க்கவே இல்லை.

இப்போது தங்கை குடும்பம் கப்பல் ஏறித் தூரத்துத் தீவுக்குப் போகிறது. அல்லியும் போனால் போனதுதான். அதனால் வேம்பி ஒரு குடிசை பிடித்தாள். விடிந்ததும் வேலைக்கு வருகிறேன், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று சேந்தனாரிடம் சொன்னாள். பன்னிரண்டு மரக்கால் வந்தால் இரண்டு வயிறு நிறையும். ஆறு என்றால் அல்லி கப்பல் ஏற வேண்டியதுதான்.

சேந்தனாரின் நியாயம் வேறு. பகல் பாதி, ராத்திரி பாதி. ராத்திரி இல்லை என்றால் நெல்லில் பாதி இல்லை. வீட்டில் தங்காதவளுக்குச் சோறும் இல்லை, வருஷத்துக்கு இரண்டு சேலையும் இல்லை.

முடியாது என்றாள் வேம்பி. எட்டு என்றார். முடியாது என்றாள். ஒன்பது, கூடவே வீட்டம்மாவின் பழைய சேலை ஒன்று என்றார்.

"பழசை அவங்களே கட்டிக்கட்டும் ஐயா. வாங்க, வாசலுக்குப் போவோம்."

அந்தப் பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூலியை யாரும் ஓலையில் எழுத மாட்டார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று, நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். வாசல் காவலன்தான் சாட்சி. கூலியை மாற்றுவதென்றால், பழைய பேச்சைக் காவலன் முதலில் தெரு கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுப் பேச்சு.

வாசல் என்றதும் சேந்தனாருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. வேம்பிக்கு முன்னால் விறுவிறு என்று போய், காவலன் கொற்றன் காதில் குனிந்து என்னவோ சொன்னார். கொற்றன் அந்த வீட்டுச் சோறு தின்கிறவன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மரக்காலைக் கவிழ்த்தார்கள். தெரு கூடிவிட்டது.

"கொற்றண்ணே, என்னை வேலைக்கு வச்ச அன்னைக்கு என்ன பேச்சு?" என்று கேட்டாள் வேம்பி.

கொற்றன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ராத்திரி பிள்ளை அழுதா நான்தானே எழுந்திரிக்கணும், அதுக்கு ரெண்டு மரக்கால் சேர்த்துக் குடுங்கன்னு நீ கேட்டே. ஐயா மரக்கால் மேல கைய வச்சுச் சொன்னாரு. நெல்லு பகலுக்கு. ராத்திரிக்குத்தான் சோறு, சேலை, படுக்க இடம் மூணும் தர்றேனேன்னு."

தெருவில் யாரோ சிரித்தார்கள். சேந்தனார் சிரிக்கவில்லை.

வேம்பி நிமிர்ந்து நின்றாள். "சோறு வேண்டாம். சேலை வேண்டாம். இடம் வேண்டாம். ராத்திரிக்குக் குடுத்த மூணையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க, அது சரிதான். பகல் அப்படியே இருக்கு. பகலோட நெல்லைத் தொடாதீங்க."

அவர் சொன்னதைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். சேந்தனார் மரக்கால் மேல் கை வைத்துப் பன்னிரண்டு என்றார்.

அவர் கையை எடுப்பதற்குள் அவள் இன்னொன்றும் சேர்த்தாள். ராத்திரி கூப்பிட்டால் ஒரு மரக்கால் தனி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிடாமலே வருவேன், அதற்கு நெல் வேண்டாம். அதற்கும் சரி என்றார்.

அன்று பொழுது சாய, வேம்பி அல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நடந்து போனாள். ஓரமாகப் போகவில்லை. அல்லி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். வேம்பி திருத்தவில்லை. இனி எல்லாச் சாயங்காலமும் அவளுடையது, அவசரம் இல்லை.

நீதி இதுதான்: ஆளை வேலைக்கு வைக்கும்போது சொன்ன வார்த்தையை, கூலியைக் குறைக்கும்போது மாற்றக் கூடாது.

ஒன்று விட்டுப்போச்சு. சேந்தனார் காதில் சொன்னது என்ன என்று கொற்றன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். "ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லு, போதும்."

அதை மட்டும் அவன் அன்று வாசலில் சொல்லவில்லை.