ஓயாத அக்கரை

அந்தக் காலத்தில் தவளைகளுக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் கட்சி இல்லாமல் போகுமா? குளத்துக்கு ஆமைதான் தலைவர் என்றது இக்கரை. இல்லை, நண்டுதான் என்றது அக்கரை. ஆமைக்கும் நண்டுக்கும் இந்தச் சங்கதி தெரியுமா என்பதே சந்தேகம்.

குளத்தின் நடுவில் கோரைப்புல் மண்டிக் கிடந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முதலில், "நீங்கள் சொல்வது சரியில்லை" என்றார்கள். அப்புறம், "உனக்கு மூளை இருக்கிறதா?" என்றார்கள். ஐப்பசி மழை ஓய்வதற்குள் பெற்றவளை இழுத்துத் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

இக்கரையில் சடைச்சி என்றொரு தவளை இருந்தாள். அவள் அண்ணன் பேச்சிமுத்து நண்டுக் கட்சியில் சேர்ந்து அக்கரைக்குப் போய்விட்டான். போகும்போது அவளும் தன் பங்குக்கு நாலு வார்த்தை திட்டித்தான் அனுப்பினாள். இப்போது அது நெஞ்சை உறுத்தியது. எப்படியாவது அவனைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று தவித்தாள்.

ஒருநாள் மழை மூட்டத்தில் கோரை ஓரம் போய், "அண்ணே, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமைக்கு வால்பிடிக்கிற கூட்டமே, வெட்கமில்லையா?" என்றது அண்ணன் குரல்.

"கட்சியை விடுண்ணே. என்மேல கோபமா?"

"ஆமைக்கு வால்பிடிக்கிற கூட்டமே, வெட்கமில்லையா?" அதே ஏற்றம், அதே இறக்கம்.

சடைச்சி நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று புல்லை விலக்கி நீந்தினாள். அக்கரையில் ஒரு தவளைகூட இல்லை. தண்ணீர்ப்பாம்பு ஒன்று வயிறு உப்பிச் சுருண்டு கிடந்தது. அதன் வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கூட்டமே திட்டிக்கொண்டிருந்தது. அதில் பேச்சிமுத்துவின் குரலும் இருந்தது.

இக்கரைக்குத் திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னாள். "அக்கரையில யாருமே இல்ல. எல்லாரையும் பாம்பு முழுங்கிடுச்சு. அடுத்து நம்ம பக்கம்தான் வரும்."

"அண்ணன்காரன் இவளையும் அவன் கட்சிக்கு ஆள் பிடிச்சுட்டான்" என்று சிரித்தான் இக்கரையின் பெருந்தொண்டைக்காரன் இருளப்பன். "அப்போ தினமும் எங்களைத் திட்டுறது யாரு, உங்க தாத்தாவா?"

பதிலுக்கு ஒரு வசவு அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "என்னை நம்ப வேண்டாம் மாமா. ஒரு மூச்சு நேரம் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லுங்க. நாம திட்டாதப்போ அவங்க யாருக்குப் பதில் சொல்றாங்கன்னு கேட்போம். நான் சொன்னது பொய்னா, என்னைக் கரையை விட்டே துரத்திடுங்க."

அவள் இப்படித் தன்மையாகக் கேட்டதும் இருளப்பனால் மறுக்க முடியவில்லை. கையைக் காட்டினான். கரை அடங்கியது.

அக்கரை அடங்கவில்லை. யாரும் சொல்லாத வசவுக்கெல்லாம் அங்கிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. பிறகு அது கிட்டே வர ஆரம்பித்தது. கோரை அசைந்தது. முதலில் ஓடியவன் இருளப்பன்தான். அவன் பின்னால் ஓடிய கூட்டம் முழுவதும் தப்பியது. சடைச்சி மட்டும் நின்று, "அண்ணே" என்று கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள். பாம்புக்குள்ளிருந்து அண்ணன் குரல் நண்டுக்கு ஜே போட்டது. அவள் அழுதுகொண்டே கரையேறினாள்.

அன்று முதல்தான், கரையோரம் சின்ன அசைவு தெரிந்தாலும் தவளைகள் எல்லாம் சட்டென்று வாயை மூடிக்கொள்கின்றன. நம்மைக் கண்டு பயந்துவிட்டன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எதிர்க்கரையில் நிறுத்தாமல் பேசுவது யார் என்றுதான் அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன.