புழுவை அரைத்தவர்

“மூணு வாரமா புழுவை அரைச்சுப் பூசுறேன் அம்மா. எலிக்குப் புண் ஆறின பாடில்லை. முன்னைவிடச் சிவந்து வீங்குது,” என்றார் சிவக்கொழுந்து.

ஆய்வுக்கூடத் தலைவி ஹப்ஸா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சிவக்கொழுந்து லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷம் அரசாங்க டாக்டராக இருந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பூச்சி மாத்திரை கொடுத்தவர். அவர் கொன்ற குடற்புழுக்களுக்கு அளவே கிடையாது. ஓய்வு பெற்றதும் சர்க்கரை வந்து காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு விரல் போயாயிற்று. புண் ஆறாவிட்டால் தை மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ஹப்ஸாவைப் பற்றிக் கேள்விப்பட்டார். புழு குடலைக் கடித்தே பிழைக்கிறது, ஆனாலும் கடித்த இடம் ஆறிவிடுகிறது, அந்த மருந்து புழுவிடம்தான் இருக்கிறது என்று சொல்கிற பெண். இவர் மகள் வயதுதான். வெட்கத்தை விட்டு, நொண்டிக்கொண்டே போய்ச் சீடராகச் சேர்ந்தார்.

“மருந்தை எடுத்து முதல்ல எலிக்குப் போடுங்க. உங்க காலைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார் ஹப்ஸா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

இன்று மட்டும் கேட்டார்.

“நீங்க வாடகை வீட்ல இருந்திருக்கீங்களா ஐயா?”

“இருபது வருஷம்.”

“கூரை ஒழுகுனா?”

“நானே ஏறி அடைப்பேன்.”

“உங்க வீடா அது?”

“உள்ளே படுத்துக் கிடக்கிறது நான்தானே!”

“வீட்டுக்காரர் கத்துனா?”

“நயமாப் பேசிக் கோபத்தைத் தணிச்சு அனுப்புவேன். வேற வழி?”

ஹப்ஸா எழுந்து வந்தார். பீங்கான் உரலில் கூழாகக் கிடந்த புழுக்களைக் காட்டினார்.

“இதுங்களுக்கு இனிமே வீடு எதுக்கு?”

சிவக்கொழுந்துக்குச் சுருக்கென்றது. புழுவைக் கண்டால் கொல்லாமல் அவர் கை நின்றதே இல்லை.

“அரைக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?”

“கழுவுவேன். ராத்திரி பூரா அதுங்க கிடந்த தண்ணி, ஒரே நாத்தம். அதைக் கழுவு தொட்டியில கொட்டிட்டு, நல்ல தண்ணியில ஏழு தடவை…”

பேச்சு பாதியில் நின்றது. திரும்பித் தொட்டியைப் பார்த்தார்.

“அதுங்க உயிரோட கசியவிட்ட மருந்து அத்தனையும் கொட்டிட்டேனே அம்மா!”

ஹப்ஸா ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து நீட்டினார். உப்புத் தண்ணீரில் ஐந்தாறு புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

“காலை வரைக்கும் இதுங்களைக் கொல்லாம இருப்பீங்களா?”

சிவக்கொழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ராத்திரி இதுங்களுக்குக் குளிருமா அம்மா?” என்றார்.