அவிழாத வலைமுடிச்சு

கட்டை அவிழ்த்த சுவடியைக் கடைசி ஏடுவரை படிக்காமல் மீண்டும் கட்டுவதில்லை என்பது விகடகவி கூத்தபிரானின் நெடுநாள் வழக்கம். அது இலக்கண நூலாக இருந்தாலும் சரி, இஞ்சித் துவையலின் செய்முறையாக இருந்தாலும் சரி. ஒருமுறை அண்டை வீட்டார் வேலித் தகராறு பற்றி எழுதிக் கொடுத்த நாற்பது ஏட்டு முறையீட்டையும் முழுதும் படித்த பிறகே உண்ண எழுந்தார். சோறு ஆறிப் போயிருந்தது. அவருடைய மனைவியும் வேறு சோறு வடிக்கவில்லை.

அவர் எந்த நாட்டில் வாழ்ந்தார் என்று கேட்க வேண்டாம். மழையும் மன்னரும் ஓரளவு சொன்ன சொல் தவறாதிருந்த முன்னொரு காலத்தில், மகரகேது என்னும் அரசரின் அவையில் அவர் இருந்தார்.

மகரகேதுவுக்கு ஆய்வு மண்டபம் ஒன்று உண்டு. மழை, மண், மூலிகை, விண்மீன் ஆகியவற்றை ஆராய ஆண்டுதோறும் ஐந்து பேரை அங்கே அமர்த்துவார்கள். இடம் வேண்டுவோர் தம் ஆராய்ச்சியைச் சுவடியாக எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். படித்துத் தேர்பவர் மண்டபத் தலைவர் தேவசிகாமணிப் பண்டிதர். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவர் மீண்டும் வர இயலாது என்பது விதி.

ஒருநாள் மண்டபத்தைப் பார்வையிட்ட மன்னர் வியந்தார். அங்கிருந்த அனைவரும் அரண்மனையை ஒட்டிய இரண்டு வீதிகளைச் சேர்ந்த ஆடவர்கள். மலையிலும் கடற்கரையிலும் மழையைப் பற்றி அறிந்தவர் எவருமில்லையா என்று அவர் கேட்டார். அங்கிருந்து யாரும் வருவதில்லை என்றார் பண்டிதர். உண்மையில் யார் யார் வருகிறார்கள் என்று அறிய விரும்பிய மன்னர், சுவடி அனுப்புவோர் தம் ஊர், குலம், ஆணா பெண்ணா என்னும் விவரங்களை ஒரு முகப்பு ஏட்டில் எழுதி மேலே செருக வேண்டும் என்று ஆணையிட்டார். நல்லெண்ணத்தில் பிறந்த ஆணைதான். ஆனால் அந்த ஏடுகள் பண்டிதரைத் தாண்டி மன்னரிடம் வரவேயில்லை; ஈராண்டு கழிந்தும் மண்டபத்தில் அதே இரண்டு வீதிகள்தாம் அமர்ந்திருந்தன.

அந்த இரண்டாம் ஆண்டில்தான் மண்டப வாயிலில் திருப்பித் தரப்பட்ட சுவடியோடு நின்ற ஒரு பெண்ணைக் கூத்தபிரான் கண்டார். அவள் பெயர் சங்குமணி, கடற்கரை ஊரினள். எந்த மேகத்துக்குப் பின் எந்தக் காற்று வரும், எத்தனை நாளில் மழை விழும் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்து எழுதியவள். இது இரண்டாவது மறுப்பு. இன்னும் ஒருமுறைதான் அவளுக்கு வாய்ப்பு.

சுவடியை வாங்கிப் பார்த்த விகடகவி, அதன் கட்டை யார் கட்டியது என்று வினவினார்.

"நாந்தான் ஐயா. இது எங்க வலை முடிச்சு. கரையில பொறந்தவங்களுக்குத்தான் போட வரும். அரண்மனையில ஒருத்தருக்கும் வராது."

"திரும்பி வந்தபோதும் இதே முடிச்சா?"

"ரெண்டு வாட்டியும் இப்படியேதான் வந்துச்சு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. இவங்க மொத ஏட்டுல ஊரப் படிச்சாங்க. மேகத்தப் படிக்கல."

கூத்தபிரான் அந்தச் சுவடியை அவிழ்க்காமலே தம்மிடம் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டுக்குப் புதிதாக ஒரு படி எழுதி அனுப்பும்படி அவளிடம் சொல்லிவிட்டு அவைக்குச் சென்றார்.

முகப்பு ஏடு தேர்வு செய்பவர் கண்ணில் படக்கூடாது என்று அவர் முறையிட்டதும் பண்டிதர் நகைத்தார். "மன்னர்பிரானே, விவரம் கேட்காவிட்டால் யார் வருகிறார் என்று தெரியாது. கேட்டால் யாரேனும் படித்துத்தான் ஆகவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே முடிக்க வல்லவர் விகடகவி ஒருவரே போலும்."

மன்னருக்கு இத்தகைய சிக்கல்கள் தேனடை போன்றவை. "அவ்வாறே ஆகட்டும், கூத்தபிரான். வருவோர் அனைவரையும் என் கண்முன் கொண்டு வந்து நிறுத்தும். ஆனால் அவர்களில் ஒருவரைப் பற்றியும் நானோ, பண்டிதரோ, நீரோ அறியலாகாது. இயலாவிட்டால் முகப்பு ஏடு என்றும் இருந்த இடத்திலேயே இருக்கும்."

மறு ஆண்டு தை பிறந்தது. கூத்தபிரானின் ஏற்பாட்டில் மண்டப வாயிலில் திரை கட்டிய ஓர் அறையும், அதனுள் ஒரு பெரிய மண்பானையும், அருகே மணிகளும் விதைகளும் நிறைந்த தட்டுகளும் இருந்தன. ஒவ்வொருவரும் தனியே உள்ளே சென்று வயல்நாட்டவரானால் ஒரு நெல்மணியையும், கடற்கரையினரானால் ஒரு சோழியையும், மலைநாட்டவரானால் ஒரு புளியங்கொட்டையையும் பானையில் இட வேண்டும். பெண்ணானால் உடன் ஒரு குன்றிமணி. எதையும் சொல்ல விருப்பமில்லாதவருக்கு ஒரு கூழாங்கல் போதும். ஏன் என்று எவரும் கேட்கமாட்டார்கள். சுவடியில் முகப்பு ஏடும் இல்லை, பெயரும் இல்லை. பிளந்த மூங்கில் துண்டின் ஒரு பாதி சுவடியோடும், மறுபாதி எழுதியவரிடமும் இருந்தன.

ஆயினும் ஓர் இடையூறு எஞ்சியது. மீனவர் முடிச்சு ஒரு விதம், நெசவாளர் முடிச்சு ஒரு விதம், மலைவாணர் கட்டுவது நாரினால். முடிச்சே ஊரைச் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொருவரும் திரைக்குள்ளேயே தம் கட்டைத் தாமே அவிழ்த்து, ஏடுகளை மட்டும் வைத்துவிட்டு வந்தனர். நூற்றிருபது சுவடிகளையும் ஒரே வகைக் கயிற்றால் கட்ட வேண்டியிருந்தது. கூத்தபிரானின் வழக்கம் நமக்குத் தெரியும். பதினெட்டு நாட்கள் கழித்துப் பண்டிதரிடம் சுவடிகளை ஒப்படைத்தபோது விகடகவியின் கண்கள் அவரே தட்டில் வைத்த குன்றிமணிகளைப் போலச் சிவந்திருந்தன.

எதை ஒதுக்குவது என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாத பண்டிதர், வேறு வழியின்றி அனைத்தையும் அவிழ்த்துப் படித்தார்.

தேர்வு நாளன்று விகடகவி பானையை வண்டியில் ஏற்றி அவைக்குக் கொண்டுவந்தார். "மன்னர்பிரானே, வந்தவர் அனைவரும் இதோ நிற்கிறார்கள்" என்று பணிந்து, பானையைக் கம்பளத்தின்மேல் கவிழ்த்தார்.

மன்னர் அரியணையிலிருந்து இறங்கிக் குனிந்தார். நெல்மணிகளின் நடுவே சோழிகள் முப்பதுக்கு மேல். புளியங்கொட்டைகளும் குறைவில்லை. குன்றிமணிகள் கம்பளமெங்கும் உருண்டோடின. ஆறு கூழாங்கற்கள் தம் பாட்டுக்குக் கிடந்தன. யாருமே வருவதில்லை என்றீரே என்று மன்னர் கேட்டதற்கு, வருகிறவர்கள் தகுதியோடு வருவதில்லை என்று பண்டிதர் திருத்திக்கொண்டார். பிறகு தாம் முதலிடம் கொடுத்த சுவடியை உயர்த்திப் பிடித்தார்.

"இத்தகைய மேக நூலை என் வாழ்நாளில் கண்டதில்லை. நம் வீதியின் உயர்ந்த மாடமொன்றில் அமர்ந்து, பல்லாண்டு வானத்தை நோக்கிய பேரறிஞர் ஒருவரே இதனை இயற்றியிருக்க வேண்டும்."

அவையின் ஓரத்தில் சுவடி எழுதியவர்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து, மூங்கிலின் மறுபாதியோடு சங்குமணி எழுந்து வந்தாள்.

"மாடமெல்லாம் இல்லீங்க ஐயா. கட்டுமரத்துல இருந்து பாத்தது" என்றாள்.

கூத்தபிரான் பழைய சுவடியை எடுத்து, சென்ற இரண்டு முறையும் தங்களிடம் வந்தது இதுதான், அருள்கூர்ந்து அவிழ்த்துக் காட்டுங்கள் என்று பண்டிதரிடம் நீட்டினார். பண்டிதரின் விரல்கள் முடிச்சை இப்படியும் அப்படியும் இழுத்தன. அது இறுகியதே தவிர அவிழவில்லை. அவர் அதை ஒருநாளும் அவிழ்த்ததில்லை என்பது அவைக்கு விளங்கியது.

மன்னர் விலா நோகச் சிரித்தார். சங்குமணிக்கு மண்டபத்தில் முதல் இருக்கையும், பானைக்கு ஆண்டுதோறும் அரச மரியாதையும் அளித்தார். கூத்தபிரானுக்கு என்ன வேண்டும் என்றதற்கு, எவரும் எதையும் எழுதித் தராத பத்து நாட்கள் வேண்டும் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. சங்குமணியின் முன் வந்து அவர் தலை தாழ்த்தினார். "அம்மா, ஈராண்டு உனக்குத் தீங்கு செய்தேன். இதை அவிழ்க்கக் கற்றுக்கொடு."

அவள் நூலின் எந்த நுனியை முதலில் தளர்த்த வேண்டும் என்று காட்டினாள். மூன்றாம் முயற்சியில் முடிச்சு அவிழ்ந்தது.

அந்தத் திங்களிலேயே பண்டிதர் தாம் முன்பு திருப்பி அனுப்பியவர்களின் ஊர்களுக்குப் புறப்பட்டார். அவர்கள்மேல் விழுந்த மறுப்புகளைச் செல்லாதவையாக்கும் மன்னரின் ஆணை கையில் இருந்தது. முதலில் கடற்கரை. உப்புக் காற்றில், கவிழ்த்த கட்டுமரம் ஒன்றின்மேல் அமர்ந்து ஒரு முதியவரின் சுவடியை அவிழ்த்தார். உணவுக்கு அழைத்தார்கள், கடைசி ஏடு வரட்டும் என்றார்.