ஒரு முறம் தவிடு

கயிறு திரிக்கிற பூமாலை சுனையடி மடத்துக்கு ஓடி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கையில் ஒரு முறம் தவிடு. வழியெல்லாம் சிந்தாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

மடம் என்றதும் கோபுரம், மதில் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு சுனை, பக்கத்தில் ஓலைக்கூரை, அதற்குள் மொட்டைத் தலையோடு ஓர் அம்மை, வாசலில் ஒரு பசு. அம்மை பூமாலையைவிடப் பத்து வயது சின்னவள். இருந்தாலும் ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவள் எதிரே உட்கார்ந்து கேட்கிற சீடர் அவர்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னய்யா, மாடு முட்ட வந்த மாதிரி ஓடி வர்றே?”

“அவ வந்துட்டா தாயே. நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டா.”

“யாரு?”

“பிள்ளைக்குச் சொந்தக்காரி.”

அம்மை கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். “உட்காரு. முதல்ல இருந்து சொல்லு.”

பூமாலைக்கு முன்னே மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் மூன்று வயது தாண்டவில்லை. ராசா, ரத்தினம் என்று ஊர் பார்க்கக் கொஞ்சினாயே, கண்பட்டுப் போயின என்று ஊர் சொன்னது. ஊர் வாய்க்கென்ன, எதையும் சொல்லும்! ஆனால் மூன்று பிள்ளைகளைக் குழிக்குள் வைத்த மனுஷன் அதை நம்பாமல் என்ன செய்வான்? நான்காவதாக ஒரு பெண் பிறந்தது. பெற்றவள் அன்றைக்கே கண்ணை மூடிவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள். சொல்லிவைத்த ஒருத்தி வந்து தன் பிள்ளையாக எடுத்துக்கொள்வாள். பெற்றவர்கள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, எவர் பிள்ளையோ என்று எமன் தேடாமல் போய்விடுவானாம்.

பூமாலையும் பச்சைக் குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவைத்திருந்தார். அவள் வருவதற்குள் வழியோடு போன வேறொருத்தி வந்து பிள்ளையை எடுத்துவிட்டாள். முகம் தெரியாதவள். யாராயிருந்தால் என்ன என்று பூமாலை அவசரத்தில் முறத்தை நீட்டினார்.

“தவிடு வேண்டாம். வளர்த்து வை, வர்றேன்” என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

ஏழு வருஷம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை, பிள்ளை பிறந்த நாளில், உச்சிப்பொழுதில் வேலியோரம் வந்து நிற்பாள். தண்ணீர் கேட்பாள், குடிப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள், போய்விடுவாள். அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. பூமாலை எடுத்து வைத்த தவிட்டிலும் ஒரு பூச்சி விழவில்லை.

“அவ போனதும் வேலியோரப் புழுதியில பார்ப்பேன் தாயே. அவ காலடி இருக்கும். அதைச் சுத்திச் சின்னக் காலடி, மூணு சோடி.” பூமாலை முறத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “அதுல ஒண்ணு, வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். என் மூத்தவன் அப்படித்தான் நடப்பான்.”

அம்மை முறத்தை எட்டிப் பார்த்தாள். வாசலில் பசு அசைபோட்டது.

“அந்தத் தவிடு இதுதானா?”

“ஆமா தாயே. இதை அவ கையில எப்படியாவது குடுத்துட்டா, பிள்ளை எனக்குச் சொந்தமாயிடும். அவளை வாங்க வைக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அம்மை முறத்தை வாங்கினாள். நேராகப் பசுவின் தொட்டிக்குப் போனாள், கொட்டினாள், கையால் கலக்கிவிட்டாள். பசு மூக்கை நுழைத்தது.

“ஐயோ! என்ன காரியம் பண்ணிட்டீங்க!” என்று பூமாலை அலறிவிட்டார்.

“ஏழு வருஷமாச்சு. மாடாவது திங்கட்டும்.” அம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “பிள்ளை உன்னை என்னன்னு கூப்பிடும்?”

“பெரியவரேன்னு.”

“அப்பான்னு கூப்பிடாதா?”

“நான்தான் விடல. யார் காதுல விழுமோன்னு பயம். அழுக்குத் துணி, பரட்டைத் தலை, பேரும் தவிட்டம்மான்னு வச்சேன். பால் குடுத்ததும் குளிப்பாட்டினதும் பக்கத்து வீட்டுக்காரிதான். மடியில உட்கார வச்சதில்ல. என் பிள்ளைன்னு வாயால சொன்னதில்ல.”

“மனசுல?”

பூமாலை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஏழு வருஷத்து அழுகை, லேசில் நிற்கவில்லை. அம்மை தடுக்கவும் இல்லை.

“சீராட்டினதுக மூணும் போச்சு. சீராட்டாததையும் கேட்டு வந்து நிக்கிறா. அப்புறம் எதுக்கய்யா இத்தனை நாள் அந்தப் பிள்ளையைத் தெருவுல நிறுத்தினே?”

அம்மை உள்ளே போய்த் துணி மூட்டையைத் துழாவி ஒரு மரச்சீப்பை எடுத்து வந்தாள். மொட்டைத் தலைச் சாமிக்குச் சீப்பு ஏது என்று பூமாலை பார்த்தார்.

“நாளைக்கு அவ வர்ற நேரத்துக்கு வாசல்ல உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை வாரு.”

“பிள்ளையை அனுப்புன்னு சொன்னா?”

“சிக்கு இருக்குன்னு சொல்லு.”

மறுநாள் உச்சியில் வேப்பமரத்துக் காக்கைகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. காற்று நின்றது. வேலியோரம் அவள் நின்றாள்.

பூமாலை தவிட்டம்மாவை முன்னால் உட்கார வைத்திருந்தார். பிள்ளை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அவர் கை அதன் தலையில் பட்டதே அன்றைக்குத்தான்.

“பிள்ளையை அனுப்பு” என்றாள் அவள்.

“தலையெல்லாம் சிக்கா இருக்கு. வாரிட்டு அனுப்பறேன்.”

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

முப்பது வருஷமாகத் தேங்காய் நாரில் சிக்கெடுத்த விரல்கள் அவை. வேரிலிருந்து இழுத்தால் அறுந்துபோகும், நுனியிலிருந்து வர வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். ஒவ்வொரு பிரியாக எடுத்தார். தலையில் அடுப்புப் புகையும் வெயிலும் மணத்தன. தன் பிள்ளையின் தலை என்ன வாசம் என்றுகூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தபடி அடுத்த பிரியை எடுத்தார்.

“வலிக்குதுப்பா” என்றது பிள்ளை.

சொன்ன பிறகுதான் அதற்கும் உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. பூமாலை வேலியைப் பார்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் புழுதி மெல்ல அமுங்கியது. ஓர் இடத்தில், அடுத்து இன்னோர் இடத்தில், அப்புறம் மூன்றாவதாக. யாரோ சின்னப் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பூமாலை சீப்பை விடவில்லை.

“மெதுவா எடுக்கிறேன், கண்ணு” என்றார்.

பொழுது சாயும்போது பாதித் தலைதான் ஆகியிருந்தது. அவள் எழுந்தாள்.

“மீதி?”

“நாளைக்குத்தான் ஆகும்.”

“வர்றேன்” என்று போனாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

நாற்பது நாள் கழித்துத்தான் மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பூமாலை மடத்துக்குப் போனார். ஆள் இளைத்திருந்தார், முகத்தில் மட்டும் என்னவோ ஒரு தெளிவு. பசு நன்றாகத்தான் இருந்தது.

“பிள்ளை எப்படி இருக்கு?” என்றாள் அம்மை.

“ரெட்டைப் பின்னல் போடறேன் தாயே. பூ வைக்கிறேன். நாள் பூரா அப்பா அப்பான்னு கழுத்தைப் பிடிச்சுத் தொங்குது.”

“அவ?”

“தினம் வர்றா. வருஷத்துக்கு ஒரு நாள் வந்தவ இப்போ தினம் வந்து உட்கார்ந்துக்கிறா. பிள்ளை திரும்பி நின்னு பின்னலைக் காட்டுது, அவ தலையை ஆட்டுறா. அந்தச் சின்னக் காலடிக வேலியைத் தாண்டிடுச்சு. நேத்து வாசப்படி வரைக்கும் வந்திருந்துச்சு. நான் கட்டி வச்ச பூச்சரத்துல மூணு துண்டைக் காணோம்.”

“பயமா இருக்கா?”

“அதுகளைப் பார்த்தா இல்ல. இப்போ தினம் நாலு பேருக்குக் கட்டுறேன்.” பூமாலை தலையைக் குனிந்துகொண்டார். “அவளைப் பார்த்தாத்தான். சிக்கெல்லாம் என்னைக்கோ எடுத்தாச்சு தாயே. அது அவளுக்கும் தெரியும். சும்மா பின்னிப் பின்னிப் பிரிச்சிக்கிட்டு இருக்கேன். என்னைக்காவது எழுந்து கையை நீட்டுவாளே! அன்னைக்கு நான் என்ன செய்ய?”

அம்மை வெளியே எட்டி வெயிலைப் பார்த்தாள்.

“உச்சி ஆகப் போகுது. சீப்பு எங்கே?”

“இடுப்புல இருக்கு.”

“அவ என்னைக்குக் கேட்டாலும், தலை வாரின பிள்ளையாக் குடு. எழுந்திரு, பிள்ளை அங்க தலையை விரிச்சுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கும்.”