நெருப்பில்லாத பொந்து

“சாமி, இருளப்பனைக் கீழ அனுப்பிருங்க. கணவாய் மூடுறதுக்குள்ள.”

சொன்னது நல்லபெருமாள். குரு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏன்?”

“விறகு பத்தாது.”

அது உண்மைதான். அந்த இமயமலை ஆசிரமத்தில் இருந்ததே மூன்று பேர். குரு, நல்லபெருமாள், இருளப்பன். சீடர்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம், ஐம்பதைத் தாண்டியவர்கள். குரு அவர்களைவிட இளையவர். ஐப்பசியில் மலை சரிந்து விறகுக் குவியலில் பாதியை ஆற்றில் தள்ளிவிட்டது. மிச்சமிருந்த விறகு ஒரு குடிசைக்குப் பனிக்காலம் முழுக்க வரும். இரண்டு குடிசைக்கென்றால் தை பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும்.

ஒரே குடிசையில் இருந்துவிட்டுப் போகலாமே என்று நமக்குத் தோன்றும். நாம் துறவிகள் இல்லையே! அங்கே தீட்சை பெற்ற அன்று ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு நெருப்பு மூட்ட வேண்டும். அதைச் சாகும்வரை அணைய விடக்கூடாது. இன்னொருவர் நெருப்போடு சேர்க்கவும் கூடாது. குருவுக்கு முந்தைய குரு வைத்த வழக்கம் அது. குரு மட்டும் சமையலறையில் முடங்கிக்கொள்வார். காலை நீட்டினால் சுவரில் இடிக்கும் அறை.

போதாததற்கு ஒரு சண்டை வேறு. ஆடி மழையில் இருளப்பனின் நெருப்பு அணைந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல் மறுபடி மூட்டிக்கொண்டான் என்று நல்லபெருமாள் சொன்னார். இல்லவே இல்லை என்று இருளப்பன் சத்தியம் செய்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

“நீங்க போகலாமே,” என்றார் குரு.

“என் நெருப்பு ஒரு நாளும் அணையாதது சாமி. அவன் வச்சிருக்கது திருட்டு நெருப்பு.”

“கணவாயில இப்பவே இடுப்பளவு பனி. அவருக்கு இருமல் வேற. போய்ச் சேருவாரா?”

நல்லபெருமாள் தரையைப் பார்த்தார்.

“சாமிதான் முடிவு பண்ணணும்.”

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

“வாங்க.”

*

வெளியே குளிர் கன்னத்தில் அறைந்தது. குரு முன்னால் நடந்தார். ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்த பெரிய தேவதாரு மரத்தடியில் நின்றார்.

நல்லபெருமாளுக்கு அந்த மரம் நன்றாகத் தெரியும். இலையுதிர் காலம் முழுக்க அங்கேதான் அணில்களின் அட்டகாசம். நம்மூர் அணில் மாதிரி முதுகில் கோடு கிடையாது. பூனைக்குட்டி அளவு இருக்கும். அதில் ஒரு கருப்பு அணிலும் ஒரு பழுப்பு அணிலும் அக்ரூட் கொட்டைக்காக அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் கருப்பு கடித்ததில் பழுப்பின் காது கிழிந்து தொங்கியது.

“இப்ப ஒண்ணையும் காணோம் சாமி. செத்துப்போச்சோ?”

“ஏறிப் பாருங்க.”

“இந்தக் குளிர்லயா?”

நல்லபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கை மரத்துப்போனது. தாடியில் மூச்சு உறைந்து கட்டியாகத் தொங்கியது. இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயில் காய்ந்த பாசியும் மரப்பட்டை நாரும் அடைத்திருந்தன.

மெல்ல விலக்கினார். கையை உள்ளே விட்டார்.

அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன?” என்றார் குரு கீழிருந்து.

“சூடா இருக்கு சாமி.”

“ம்.”

“உள்ள நெருப்பு இல்ல. ஒரு கங்குகூட இல்ல. ஆனா சூடா இருக்கு.”

இப்போதுதான் யாரோ எழுந்துபோன பாயைத் தொட்டமாதிரி இருந்தது. விரல்களுக்குக் கீழே மெத்தென்ற ரோமம் ஏறி இறங்கியது. அதற்குள் இதயங்கள் துடித்தன. எது எந்த அணிலின் இதயம் என்று பிரிக்க முடியவில்லை. சுற்றிலும் மலை மொத்தமும் உறைந்து கிடந்தது. இந்த ஒரு கைப்பிடி இடத்தில் மட்டும் உயிர் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கிறதே என்று அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“எத்தனை இருக்கு?”

“தெரியல சாமி. வாலாத்தான் தெரியுது. எது எங்க முடியுதுன்னே தெரியல.”

“காது கிழிஞ்சது?”

நல்லபெருமாள் கண்ணைப் பொந்தருகே கொண்டுபோனார்.

“இருக்கு.”

“கருப்பு?”

நல்லபெருமாள் பாசியை இன்னும் கொஞ்சம் விலக்கினார்.

“சாமி… கருப்பு மேலதான் அது தலை வச்சுத் தூங்குது.”

பாசியை எடுத்துப் பொந்தின் வாயை அவரே பழையபடி அடைத்தார். ஒரு இடுக்குக்கூட விடவில்லை. இறங்கி வந்தபோது முகம் நனைந்திருந்தது.

“சாமி, அப்ப நெருப்பு?”

“குளிருது,” என்றார் குரு. “கிழங்கு வேற பாதில கிடக்கு.”

போய்விட்டார்.

*

பொழுது சாயும் நேரத்தில் இருளப்பன் தன் குடிசையில் சுருண்டு படுத்திருந்தார். இருமல் ஓயவில்லை. அவர் தலைமாட்டில் ஒரு சிறு மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

கதவு திறந்தது. வாசலில் நல்லபெருமாள். தோளில் தன் பங்கு விறகு, கக்கத்தில் கம்பளி.

இருளப்பன் எழவில்லை.

“கீழ போகச் சொல்லிட்டாரா சாமி? மூட்டையெல்லாம் கட்டிட்டேன் வே. விடிஞ்சதும் கிளம்பிருதேன்.”

நல்லபெருமாள் விறகை இறக்கி, மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு கம்பளி. கம்பளியை உதறி இருளப்பன் மேல் போர்த்தினார். அதன்மேல் தன் கம்பளியையும் போட்டார்.

இருளப்பன் திரும்பிப் பார்த்தார்.

“உம்ம நெருப்பு என்னாச்சு?”

“அணைஞ்சிட்டு.”

“அணைஞ்சிட்டா?”

“ஆமா. கொஞ்சம் தள்ளிப் படும் வே.”