இரண்டு பக்கமும் இழுத்த தேர்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு வடக்கேயும் தெற்கேயும் ஒரே ராஜா ஆண்டபோது, தேர்த் திருவிழாவுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு வருஷம் வடநாட்டார் தேர்க்கயிற்றை முதலில் தொடுவார்கள், மறு வருஷம் தென்னாட்டார். முணுமுணுத்துக்கொண்டாவது எல்லோரும் சேர்ந்து இழுத்துத் தேரை நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

ராஜாவுக்கு ஆண்பிள்ளை பிறந்த வருஷம் ஓர் ஆசை வந்தது. "இம்முறை இரு நாட்டாரும் முதலில் தொட வேண்டும். ஒருவரும் இரண்டாவதாக இருக்கக் கூடாது" என்றார்.

சபை விழித்தது. பிரதானி நரசிங்கராயருக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அரண்மனை விகடன் சாத்தப்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மகாராஜா, இதற்குச் சாத்தப்பனே தகுந்தவர். முடியாமற்போனால் அந்த நாக்கு நமக்கு எதற்கு? அறுத்துவிடலாம்."

"உத்தரவு" என்றான் சாத்தப்பன்.

திருவிழா அன்று தேருக்கு முன்னால் வடநாட்டாருக்கு ஒரு கயிறு, பின்னால் தென்னாட்டாருக்கு ஒரு கயிறு கட்டச் சொன்னான். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சடையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சாமி, ரெண்டு பக்கமும் இழுத்தா நான் எந்தப் பக்கம் கட்டை போடுறது?"

"தேர் எங்கேயும் போனாத்தானேய்யா கட்டை? இன்னிக்கு உனக்கு வேலையே இல்ல. உட்கார்ந்து வெத்தில போடு."

கூட்டம் சிரித்தது. சடையனும் சிரித்துவைத்தான். "நல்லா சொன்னீங்க போங்க. எதுக்கும் சக்கரத்துக்கிட்டயே நிக்கிறேன்."

மேளம் முழங்கியது. இரு நாட்டாரும் ஒரே நொடியில் தொட்டார்கள், இழுத்தார்கள். தேர் முனகிக்கொண்டு அப்படியே நின்றது. உப்பரிகையில் இருந்த ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நம் ஆணை நிறைவேறியது" என்று பட்டுச் சால்வையைக் கழற்றி வீசினார். பிரதானியின் முகம் சுண்டிப்போனது.

போதும், நிறுத்துங்கள் என்று சாத்தப்பன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவனோ சால்வையைப் போர்த்திக்கொண்டு, சிரித்த பக்கமெல்லாம் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

முன்கயிறு அறுந்தது. தேர் பின்னால் உருண்டது. கட்டையோடு பாய்ந்த சடையன் மேல் சக்கரம் ஏறி நின்றது.

"வேணும்னே கயித்த வுட்டானுங்கடா வடநாட்டானுங்க."

"இழுத்துக் கொன்னது நீங்கடா."

சடையன் எந்த நாட்டான் என்று கேட்க ஒருவரும் இல்லை. கல் பறந்தது. தேர்க்காலில் இருந்த கழிகள் கைக்குக் கை மாறின.

சாத்தப்பன் சால்வையை எடுத்துச் சடையன் மேல் விரித்தான். மேலே இருந்த ராஜாவின் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. "பாருங்கள், தேருக்கே படுக்கை போடுகிறான்" என்று மறுபடி சிரித்தார். இன்னொரு சால்வை கொடுத்தனுப்பினார்.

பிரதானியே கொண்டுவந்து சாத்தப்பனுக்குப் போர்த்தினார். "பிழைத்துக்கொண்டீர், ஐயா" என்றார்.

நாக்கு வாய்க்குள் பத்திரமாகத்தான் இருந்தது. சாத்தப்பனால் அதை அசைக்க முடியவில்லை. தலையைத் தூக்காமல் சடையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தோளில் புதுப் பட்டு. ஆற்றுப் பாலம் இரண்டு முனையிலும் எரியத் தொடங்கியிருந்தது.