இரு கரைக்கும் பெய்த மழை

ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. அதன் குலத்துக்கு மரத்தில் கூடு கட்டும் வழக்கமே கிடையாது. வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும்! உடும்புக்கும் கீரிக்கும் கேட்கவா வேண்டும்? தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஏரியைச் சூழ்ந்த காட்டுக்கு ராஜா கொம்பன் யானை. மந்திரி மயில். முட்டைத் திருட்டை ஒழிக்க இருவரும் ஒரு சட்டம் போட்டார்கள். பிடிபட்ட திருடனைக் கோடை முடியும் வரை மலைக்குகையில் அடைப்பது. முட்டையைப் பறிகொடுத்தவர் மலையடி ஆலமரத்துக்கு வந்து புகார் சொல்வது.

முதல் வருஷம் ஆலமரத்தடியில் ஒரே கூச்சல். அடுத்த வருஷம் சத்தமே இல்லை. மயிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

“ராஜா! இந்த வருஷம் ஒரு புகார்கூட இல்லை! திருட்டே ஒழிந்துவிட்டது! கரையில் காவல் நிற்கும் எருமைகளைக்கூட இனி மேய்ச்சலுக்கு அனுப்பிவிடலாம்!”

இந்தப் பேச்சு ஆள்காட்டியின் காதுக்கு எட்டியது. ஏதோ கொஞ்சம் திருட்டையாவது தடுப்பது அந்த எருமைகள்தான். அவையும் போய்விட்டால் இனி ஒரு குஞ்சையாவது கண்ணால் பார்க்க முடியுமா? பதறியடித்துக்கொண்டு ஆலமரத்தடிக்கு, ராஜாவிடம் பறந்தது.

“ராஜா, வயிறெரிஞ்சு சொல்றேன்! இந்த வருஷம் என் முட்டை ஒண்ணுகூடப் பொரியலை!”

“அப்படியானால் ஏன் புகார் சொல்லவில்லை?” என்று சீறியது மயில்.

“சொல்ல வந்தேனே, போன வருஷம்! ஒரு முட்டை போச்சுன்னு இந்த ஆலமரத்துக்கு வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள மிச்சமும் போயிடுச்சு! அதுக்கப்புறம் எந்தத் தாய் முட்டையை விட்டுட்டு வருவா, மந்திரி ஐயா?”

“ஒரு குருவி சொன்னால் போதுமா?”

“என்னை நம்ப வேண்டாம். குஞ்சுகள் பறக்கப் பழகுற காலம் இது. விடியும்போது ஏரிக்கரைக்கு வந்து வானத்தைப் பாருங்க. போதும்.”

மறுநாள் கொம்பன் மயிலோடு வந்து கரையில் நின்றது. கிழக்கு வெளுத்தது. ஏரி முழுக்கச் செம்பு நிறமானது. குஞ்சுகளின் சிறகடிப்பில் வானம் அதிர வேண்டிய வேளை அது. ஆனால் அத்தனை பெரிய வானத்தில் ஓர் இறகுகூட அசையவில்லை. கொம்பனுக்கே உடம்பு சிலிர்த்தது.

“ஐயோ! இதையா நாம் வெற்றி என்று கொண்டாடினோம்?” என்றது.

குகையிலிருந்து விடுதலையான உடும்பைக் கூப்பிட்டது. “என்னப்பா, உள்ளே இருந்தும் நீ திருந்தவில்லையா?”

“எங்கே திருந்துறது, ராஜா! முன்னே எனக்குத் தரையில மட்டும்தான் திருடத் தெரியும். உள்ளே கீரியண்ணன் இருந்தார், சாரைப்பாம்பு இருந்தார். பரம்பரை விரோதிகளே கூட்டாளி ஆயிட்டாங்க! மரமேறித் திருட, மாட்டாமத் தப்பிக்க, எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. வெளியே வந்தா பசி. யாரும் கிட்டவே சேர்க்கலை. நான் வேற என்னதான் செய்யட்டும்?”

அப்போது ஆள்காட்டி மெல்லச் சொன்னது. “ராஜா, திருடங்களை ஒரே குகையில் போடாதீங்க. ஆளுக்கொரு எருமையோட அனுப்புங்க. எருமை நடந்தா புல்லிலிருந்து வெட்டுக்கிளி கிளம்பும், இவங்களுக்கு வயிறு நிறையும். எருமை கண்ணும் இவங்க மேலயே இருக்கும். புகாரைக் கேட்க உங்க ஆளே கரைக்கு வரட்டும்.”

“இது மட்டும் பலிக்கும் என்பது என்ன நிச்சயம்?” என்றது மயில். நியாயமான கேள்விதான்!

“எனக்கும் தெரியாது, ஐயா. அதனாலதான் ஒரு கரையில மட்டும் செஞ்சு பார்க்கச் சொல்றேன். இன்னொரு கரையில பழைய சட்டமே இருக்கட்டும்.”

மயில் கண்ணைச் சிமிட்டியது. “அப்படியா? சரி, புதுச் சட்டம் கிழக்குக் கரைக்கு! நீ மேற்குக் கரைக்காரி. அங்கேயே இரு. கிழக்கே வந்தால் ராத்திரி பகலாக நீயே காவல் காத்துவிட்டு, சட்டம் ஜெயித்தது என்பாய்!”

ஆள்காட்டி மேற்குக் கரையைத் திரும்பிப் பார்த்தது. தன் முட்டைகளைப் பழைய சட்டத்திடமே விட வேண்டும்! ஆனால் மேற்கை விட்டு எல்லாரும் கிளம்பிவிட்டால் கிழக்கை எதோடு ஒப்பிடுவது? “இருக்கேன்” என்றது.

அடுத்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஆள்காட்டி மேற்குக் கரையில் முட்டையிட்டது. ஒருநாள் இரை தேடிவிட்டு வந்தபோது கூழாங்கற்கள் மட்டுமே கிடந்தன. கத்திக் கத்தி அதன் குரல் தேய்ந்தது. ஆனாலும் கிழக்கே பறந்து போகவில்லை.

குஞ்சுகள் பறக்கும் காலம் வந்தது. காடே ஏரிக்கரையில் கூடியது. மேற்கே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில குஞ்சுகள் எழுந்தன. பிறகு கிழக்குக் கரை அசைந்தது. கரையே பெயர்ந்து மேலே போகிறதோ என்று இருந்தது! நாரைக் குஞ்சு, தாராக் குஞ்சு, ஆள்காட்டிக் குஞ்சு என்று வானம் நிறைந்து வழிந்தது. சூரியன்கூட அந்தச் சிறகுகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தது. குரங்குகள்கூடச் சேட்டையை மறந்து வாய்பிளந்து நின்றன.

“இந்த வருஷம் நல்ல மழை! பூச்சி பெருகியது, அதான்!” என்றது மயில்.

“மழை இரண்டு கரைக்கும்தானே பெய்தது, மந்திரி?” என்றது கொம்பன்.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

கொம்பன் ஆள்காட்டி பக்கம் திரும்பியது. “இதில் உன் குஞ்சுகள் எவை, தாயே?”

“என்னோடது ஒண்ணும் இல்லை, ராஜா. நான் மேற்குக் கரையிலதானே இருந்தேன்.”

கொம்பனின் மலை போன்ற உடம்பு மெல்ல இறங்கி, அந்தச் சின்னஞ்சிறு குருவிக்கு முன்னால் முழங்காலிட்டது. “இந்த நிமிஷத்திலிருந்து மேற்குக் கரைக்கும் புதுச் சட்டம்தான்” என்றது.

ஆள்காட்டி அழுதது. ஆனால் அந்த வானத்தை விட்டு அதனால் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

ஒரு சட்டம் பலித்ததா என்பதை அதைப் போட்டவரின் பெருமையில் தேடாதீர்கள். அது யாரைக் காக்க வந்ததோ அவர்கள் பிழைத்தார்களா என்று போய்ப் பாருங்கள்.